வீட்டு வண்டி – 14: யார் ஓட்டுவது?

அப்பாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு நான்கு நாளாக ஸ்டெபியின் கைப்பையில் கிடந்தது. வகுப்பில் கணக்கு நடத்தும்போதும், சாயங்காலம் காய்கறி வாங்கும்போதும், ஞாபகம் அங்கேயே போய் நின்றது. அப்பாவிடம் கேட்கவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை.

இனித் தள்ளிப்போட முடியாது. வரும் வெள்ளிக்கிழமை காலை வண்டி புறப்பட வேண்டும். இன்று சனிக்கிழமை.

வேப்பமர நிழலில் வண்டி பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றது. முப்பத்தோரு வருடம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா சுவிசேஷமுத்து, பழைய டூரிஸ்ட் வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, வெல்டர் பூதத்தானை வைத்து ஏழு மாதமாக அதை ஒரு வீடாக மாற்றியிருந்தார். மேலும் கீழுமாக நான்கு படுக்கை. ஓர் அடுப்பு மேடை. கூரையில் தண்ணீர்த் தொட்டி. கொசு வராமல் ஜன்னலுக்கெல்லாம் வலை. பாளையங்கோட்டையில் அந்தத் தெருவே அதை வீட்டு வண்டி என்றுதான் சொன்னது.

எல்லாம் பேத்திக்காக, ஸ்டெபியின் மகள் ஃபெபிக்காக.

மூன்று வருடத்துக்கு முன்னால், அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிய கார், சேரன்மகாதேவி தாண்டி வாய்க்கால் பாலத்தில் மோதியது. ஸ்டெபியின் கணவன் ஜாபேஸ் அந்த இடத்திலேயே போய்விட்டான். ஓட்டியவன் ஸ்டெபியின் அண்ணன் எஸ்றா. அவனுக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது. பின்சீட்டில் இருந்த ஆறு வயது ஃபெபிக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஸ்டெபிக்கு அன்று பரீட்சை வேலை; அவள் போகவில்லை.

கீறல் இல்லாத பிள்ளை அதற்குப் பிறகு கதவு வைத்த எந்த வண்டியிலும் ஏறவில்லை. பஸ், ஆட்டோ, கார் எல்லாவற்றுக்கும் அலறினாள், வாந்தி எடுத்தாள். அம்மாவின் ஸ்கூட்டர் மட்டும்தான். ஆனால் ஓடாமல் முற்றத்தில் நின்ற இந்த வண்டிக்குள் அவளாகவே போய் உட்கார்ந்தாள். முதலில் பொம்மையோடு. பிறகு வீட்டுப்பாடத்தோடு. போன மாதம் ஒருநாள் அவளே கேட்டாள்: “தாத்தா, இது எப்ப ஓடும்?”

அன்றைக்கே சுவிசேஷமுத்து தன் பழைய கண்டக்டர் முகம்மது மைதீனுக்குப் போன் போட்டார். பாபநாசத்துக்குக் கிட்டே, மலையடிவாரத்தில், காட்டை ஒட்டி மைதீனுக்கு ஒரு தோப்பு உண்டு. இரண்டு ராத்திரி அங்கே வண்டியிலேயே தங்குவது. பகலில் வனத்துறை செக்போஸ்ட்டில் பெயர் கொடுத்துக் காட்டுக்குள் போய்விட்டு, இருட்டுமுன் திரும்பிவிடுவது. காலாண்டு லீவில் போக நாளும் குறித்தாயிற்று.

“திங்கிற சாமான் எதுவும் வெளிய தெரியக் கூடாதாம். குரங்கு கதவைத் தொறந்து எடுத்துட்டுப் போயிருமாம். மைதீன் அண்ணாச்சி சொன்னாவ” என்றாள் ஸ்டெபியின் அம்மா ஜெபகனி. மடியில் பாதி தைத்த துணிப்பை. “பிளாஸ்டிக் பை ஒண்ணு இருந்தாலும் செக்போஸ்ட்ல பிடுங்கிருவாவளாம். ஏட்டி ஃபெபி, உன் உடுப்புக்கு இந்தப் பை காணுமா?”

“காணும், எல்லாம் அடங்கிரும்” என்றாள் ஃபெபி. அவள் மேல்படுக்கையில் விரித்திருந்த பத்தமடைப் பாயில் குப்புறக் கிடந்து, காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு, சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்கு ஃபெபியை நடத்திக் கூட்டிக்கொண்டு ஜெபகனி போனாள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் ஸ்டெபி வண்டிக்குள் ஏறினாள். அப்பா அடுப்பு மேடைக்குக் கீழே ஒரு திருகாணியைத் திருப்புளியால் முறுக்கிக்கொண்டிருந்தார்.

“அப்பா, இது என்ன?”

அவர் சீட்டைப் பார்த்தார். கையில் வாங்கவில்லை.

“எங்கன கெடந்துச்சு?”

“ஆர்.சி. புக்குக்குள்ள. மைதீன் மாமா நகல் கேட்டாங்கன்னு எடுத்தேன். ரெண்டு தடவை மயங்கி விழுந்திருக்கீங்க. நாடித்துடிப்பு திடீர் திடீர்னு குறையுது, எந்த வண்டியும் ஓட்டக் கூடாதுன்னு எழுதியிருக்கு. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை.”

“சொன்னா இந்த வண்டி இங்கனயே துருப்பிடிச்சுக் கெடக்கும். ரெண்டு மணி நேர ஓட்டம்தானளா. பைய ஓட்டிட்டுப் போயிருவேன். அந்த ரோட்டுல நான் பாக்காத குழி உண்டா?”

“ரோட்டைப் பத்தி நான் கேக்கலை. பின்னால ஃபெபி இருப்பா.”

சுவிசேஷமுத்து திருப்புளியைக் கீழே வைத்தார். கீழ்ப்படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு நிமிஷத்தில் அவருக்குப் பத்து வயது கூடிவிட்ட மாதிரி இருந்தது.

“வேற டிரைவர் போடலாம்ப்பா.”

“போட்டா பிள்ளை ஏறுமா? போன வருசம் கண்ணுக்குக் காட்டணும்னு ஒரு காரைக் கூப்பிட்டோம். டிரைவர் முகத்தைப் பாத்ததும் தெருமுனை வரைக்கும் ஓடுனா. நான் ஓட்டுதேன்னுதான் அவ வாரா.”

“அப்ப அண்ணனைக் கேட்டா என்ன? அவன் அவளுக்குப் புது ஆள் இல்லையே.”

அவர் தலை நிமிர்ந்தது. “அந்தப் பேச்சை இந்த வண்டிக்குள்ள எடுக்காத.”

ஸ்டெபிக்கு, ஜாபேஸை அடக்கம் செய்த அன்று அவர் போட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. மாடு குறுக்கே வந்தது, ஸ்டியரிங்கை ஒடித்தேன் என்று எஸ்றா எல்லாரிடமும் சொல்லியிருந்தான். யாரும் சந்தேகப்படவில்லை. அப்பா மட்டும் மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “டிரைவர் மகன்லே நீ. ஒரு மாட்டுக்கு ஒதுங்கத் தெரியாதா? என் வீட்டு வாசல்ல கால் வைக்காத” என்று கத்தினார். அவனும் கால் வைக்கவில்லை. ஸ்டெபியும் அவனைத் தேடிப் போகவில்லை. தப்பு அவன்மேல் இல்லை என்று மனசுக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

“சரி. அப்ப வெள்ளிக்கிழமை போகலைன்னு பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிருங்க.”

அவர் திருப்புளியை எடுத்தார். திருகாணியை மறுபடி முறுக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

ஸ்டெபி கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

*

பஸ் பத்தமடை தாண்டியதும் வழக்கமாகக் கண்ணை மூடிக்கொள்வாள். இன்று மூடவில்லை. இருபுறமும் கார் பருவ நெல் அறுத்த வயல். வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் இடிந்த இடத்தை மட்டும் புதுச் சிமெண்டால் பூசியிருந்தார்கள். பஸ் அதைக் கடக்க மூன்று நொடிகூட ஆகவில்லை.

கல்லிடைக்குறிச்சியில், எஸ்றா வேலை செய்வதாகக் கேள்விப்பட்டிருந்த அம்மையப்பன் அண்ணாச்சியின் அப்பளக் கம்பெனி எங்கே என்று இரண்டு பேரிடம் கேட்டாள். பின்கட்டில் பெரிய முற்றம். வெள்ளைத் துணிகளில் நூறு நூறாக அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. மேற்கே மலைப்பக்கம் மேகம் கறுத்து இறங்க, நாலைந்து பெண்கள் அவசர அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் குனிந்திருந்த ஆள் எஸ்றா என்று கண்டுகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. தலையில் பாதி நரைத்திருந்தது. அவனுக்கு முப்பத்தெட்டு வயதுதான்.

நிமிர்ந்தவன் அவளைப் பார்த்தான். கையில் இருந்த தட்டு சாய்ந்தது.

“அப்பாவுக்கு என்ன?”

மூன்று வருடத்துக்குப் பிறகு அண்ணன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“இருக்காங்க. உன்கிட்டப் பேசணும்.”

“மழை விழுந்தா இன்னைக்கு வேலை பூராவும் போச்சு. ஒரு நிமிசம் நில்லு.”

நிற்க முடியவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவளும் குனிந்து அள்ளினாள். கடைசித் துணியைச் சுருட்டி உள்ளே கொண்டுபோகும்போது முதல் துளி விழுந்தது. பெண்கள் அப்பளக் கட்டுப் போடும் அறைக்குப் போய்விட்டார்கள். அண்ணனும் தங்கையும் தாழ்வாரத்தில் நின்றார்கள்.

அப்பாவின் மயக்கத்தைச் சொன்னாள். வண்டியைச் சொன்னாள். ஃபெபி தானாகவே கேட்டதைச் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“வெள்ளிக்கிழமை நீ ஓட்டணும். பிள்ளைக்காகத்தான் கேக்கேன். அப்பாவை நான் பாத்துக்கிடுதேன்.”

“முடியாதுளா. நான் ஸ்டியரிங்கைத் தொட்டு மூணு வருசம் ஆச்சு.”

“தொடு. உன்னை இப்ப யாரும் குத்தம் சொல்லலை. மாடு குறுக்க வந்தா நீ என்ன செய்வே?”

எஸ்றா திரும்பினான்.

“அந்த மாட்டை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தியா?”

“என்ன கேக்குத?”

“மாடு வரலை, ஸ்டெபி.”

ஓட்டில் மழை இறங்குகிற சத்தம் பெரிதாக இருந்தது. அவள் சரியாகத்தான் கேட்டாளா என்று அவளுக்கே சந்தேகம்.

“முந்தின நாள் ராத்திரி பூரா டூரிஸ்ட் வண்டி ஓட்டிட்டு விடியக்காலம் வந்தேன். சரியாத் தூங்கலை. கல்யாண வீட்டுலயே மச்சான் ரெண்டு தடவை சொன்னாரு, ‘நான் ஓட்டுதேன், நீங்க பின்னால படுங்க’ன்னு. நான் சாவியைக் கொடுக்கலை. டிரைவர்னு ஒரு திமிரு. சேரன்மகாதேவி தாண்டினதும் மச்சானுக்குத் தலை சாஞ்சுது. அதுக்கப்புறம் என் கண்ணு எப்ப மூடுச்சுன்னு எனக்குத் தெரியாது. முழிச்சப்ப முன்னால சுவர் நிக்குது.”

“அப்ப மாடு?”

“ஆஸ்பத்திரில யாரோ கேட்டாவ, மாடு கீடு வந்துச்சான்னு. ஆமான்னு சொல்லிட்டேன். ஒரு தடவை சொன்னதுக்கு அப்புறம் மாத்திச் சொல்ல வாய் வரலை.”

“ராத்திரி பூரா முழிச்சவன் எதுக்கு அன்னைக்குப் போன? வேற ஆளா இல்லை?”

அவன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். “போனேன். நான்தான் போனேன். அதை விட்டுரு.”

ஸ்டெபி கைப்பையைத் தோளில் போட்டாள்.

“மூணு வருசமா நான் ஒரு மாட்டைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன், அண்ணே.”

“நீ கேட்டதும் வந்து ஓட்டியிருக்கலாம். இதைச் சொல்லாமலே ஓட்டியிருக்கலாம். ஆனா அந்தப் பிள்ளையைப் பின்னால வச்சுக்கிட்டு, உன்னையும் ஏமாத்திக்கிட்டு, என்னால முடியாது.”

அவள் மழையிலேயே இறங்கி நடந்தாள்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் நனைந்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் ஓட்டுதேன் என்று ஜாபேஸ் இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். மூன்றாவது தடவை சொல்லியிருந்தால்? சாவியைப் பிடுங்கியிருந்தால்? அவனுக்குப் பிடுங்கத் தெரியாது. கல்யாணமான எட்டு வருடத்தில் யார் கையில் இருந்தும் எதையும் அவன் பிடுங்கிப் பார்த்ததில்லை. இந்த ஜென்மத்தில் எஸ்றாவை மன்னிக்க முடியாது என்று ஸ்டெபி நினைத்தாள். நினைத்தபோது அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து இடம் விட்டாள்.

*

வீடு வந்து சேர ஐந்து மணி ஆயிற்று. ஜெபகனி அடுக்களையில் இருந்தாள். சுவிசேஷமுத்து வண்டிக்குப் பின்னால், கூரையிலிருந்து இறக்கிவைத்த தொட்டியை ரப்பர் குழாயால் கழுவிக்கொண்டிருந்தார்.

“பிள்ளைகிட்ட சொல்லிட்டீங்களா?”

இல்லை என்று தலையசைத்தார். மகள் எங்கே போய்வந்தாள் என்று அவர் கேட்கவில்லை. நனைந்த சேலையை ஒரு தடவை பார்த்தார்.

ஃபெபி வண்டிக்குள் கீழ்ப்படுக்கையில் உட்கார்ந்து, துணிப்பையில் உடுப்புகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டெபி பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்படிச் சொன்னாலும் வலிக்கும் என்று நேராகவே சொன்னாள்.

“ஃபெபி, தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை. பெரிசா பயப்பட ஒண்ணும் இல்லை. ஆனா வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை நாம போகலை.”

பிள்ளை அழுவாள் என்று எதிர்பார்த்தாள். ஃபெபி யோசித்தாள்.

“அப்ப மாமா ஓட்டட்டும்.”

“எந்த மாமா?”

“எஸ்றா மாமா.”

“மாமா வேண்டாம்மா.”

“நான் முன்னால உக்காந்துக்கிடுதேன். இந்தத் தடவை தூங்கவே மாட்டேன். பேசிக்கிட்டே வாரேன்.”

ஸ்டெபியின் கை பாதி மடித்த பாவாடையின் மேல் அப்படியே நின்றது.

“இந்தத் தடவைன்னா?”

ஃபெபி பையின் கயிற்றை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடியும் சுற்றினாள்.

“அப்பா சொன்னாங்க. ‘ஃபெபி, மாமாவுக்குத் தூக்கம் வருது. ஒண்ணுலேருந்து நூறு வரைக்கும் சத்தமா சொல்லிக்கிட்டே வா’ன்னு. நான் சொன்னேன். நாப்பது வரைக்கும்தான் சொன்னேன். அப்புறம் நான் தூங்கிட்டேன்லா.”

வெளியே குழாய்த் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

“இதை யார்கிட்டயும் சொன்னியா?”

“இல்லை. சொன்னா தாத்தா என்னையும் வீட்டை விட்டு அனுப்பிருவாங்கல்லா. மாமாவை அனுப்பின மாதிரி.”

ஸ்டெபி மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை மடியில் அடங்கவில்லை; கால் படுக்கைக்கு வெளியே தொங்கியது. அலறலுக்கும் வாந்திக்கும் எத்தனை டாக்டரிடம் காட்டினார்கள். பயம், பயம் என்றே எல்லாரும் சொன்னார்கள். நாற்பதில் நின்றுபோன எண்ணிக்கையை இந்தப் பிள்ளை மூன்று வருடமாக யாருக்கும் தெரியாமல் சுமந்திருக்கிறது. கணக்கு டீச்சர் அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டே சுமந்திருக்கிறது.

“ஏட்டி, என்னைப் பாரு. ஆறு வயசுப் பிள்ளை கார்ல தூங்கத்தான் செய்யும். எல்லாப் பிள்ளையும் தூங்கும். வண்டியைப் பாத்துக்க வேண்டியது பெரியவங்க. உன் மேல ஒண்ணும் இல்லை. கேக்குதா? ஒண்ணும் இல்லை.”

“மாமாவும் அப்படித்தான் சொல்லுவாங்களா?”

ஸ்டெபி அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். “கேப்போம்” என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் இறங்கியபோது, திறந்த கதவுக்குப் பக்கத்தில் சுவிசேஷமுத்து வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். குழாய் காலடியில் கிடந்து முற்றத்தையெல்லாம் சேறாக்கிக்கொண்டிருந்தது. எல்லாம் கேட்டிருக்கிறார் என்று அவர் முகமே சொன்னது.

ஸ்டெபி குழாயை மூடினாள். அவரைப் பிடித்து வேப்பமரத்தடிக் கல்லில் உட்காரவைத்தாள்.

“மாடு வரலைப்பா. அவன் தூங்கியிருக்கான். இன்னைக்குத்தான் சொன்னான்.”

“எனக்குத் தெரியும்” என்றார் அவர்.

“தெரியுமா?”

“தெரியாது. ஆனா அப்படித்தான் இருக்கும்னு அன்னைக்கே மனசுக்குப் பட்டுது.” ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். “விடியக்காலம் அஞ்சு மணிக்கு வந்து படுத்தான். ஏழு மணிக்கு எழுப்புனது நான். முடியலைப்பா, கொஞ்சம் தூங்குதேன்னான். ‘என்னலே டிரைவர் நீ, பகல்ல தூக்கம்? நம்ம மாப்பிள்ளை காத்துக்கிட்டு நிக்காரு, எந்திலே’ன்னு நான்தான் தண்ணியைத் தெளிச்சு எழுப்புனேன். ராத்திரி டூட்டி பாத்தவனை மறு டூட்டிக்கு அனுப்பாதீங்கன்னு டிப்போல சண்டை போட்டவன் நான். என் மகனை அனுப்பிட்டேன்.”

காய்ந்த வேப்பங்குச்சி ஒன்று வண்டிக் கூரையில் விழுந்து உருண்டது. ஸ்டெபிக்குக் கல்லிடைக்குறிச்சித் தாழ்வாரத்தில் அண்ணன் வாயை மூடிக்கொண்டது கண்ணில் வந்தது. அதை விட்டுரு என்றானே, அது இதற்குத்தானா?

“அவன் உங்களைச் சொல்லலைப்பா. நான் கேட்டும் சொல்லலை.”

“அடக்கத்தன்னைக்கும் சொல்லலை. நான் சட்டையைப் பிடிச்சேன். எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கலாம். பேசாம நின்னான். அவன் வாசல்ல வந்து நின்னா என்னைக்காவது சொல்லிருவான்னு பயந்துதான் வாசலையே அடைச்சேன்.”

அவர் அழவில்லை. முழங்காலில் வைத்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டெபிக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும்போல் இருந்தது. அண்ணன்மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. ஆனால் வண்டிக்குள் ஒரு பிள்ளை துணியை மடித்துக்கொண்டிருக்கிறது. கோபத்தை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவள் கைப்பையில் இருந்து போனை எடுத்து எஸ்றாவின் எண்ணை அழுத்தினாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

“அண்ணே, நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் வீட்டுக்கு வா. வண்டி ஓட்டுறதுக்குக் கூப்பிடலை. உன்னை மன்னிச்சிட்டேன்னும் நினைக்காத. அது எனக்கே தெரியலை. ஃபெபி, தான் தூங்குனதாலதான் அப்பா போயிட்டாங்கன்னு மூணு வருசமா நினைச்சுக்கிட்டு இருக்கா. நூறு வரைக்கும் எண்ணாம விட்டுட்டாளாம். நடந்ததை நீ வந்து அவகிட்டச் சொல்லணும். உன் வாயால சொல்லணும்.”

 

“வாரேன்” என்றான் எஸ்றா. பிறகு, “அப்பா?” என்றான்.

ஸ்டெபி திரும்பிப் பார்த்தாள்.

சுவிசேஷமுத்து எழுந்து நின்றிருந்தார். ஒரு கை வண்டிக் கதவைப் பிடித்திருந்தது. மறு கையைப் போனுக்காக நீட்டினார்.